இரண்டு கரண்டி பாயசம்

மைக்கில் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். "தாய்மாமன் சீர் அருப்புக்கோட்டையத் தாண்டிருச்சு, எல்லாரும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடணும்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார். காரியாபட்டி மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பாட்டு நின்றதும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. அந்த அமைதியில்தான் என் குரல் கேட்டது.

"இங்கன வந்துமா குடிச்சுட்டு நிக்கணும்? வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் ஊர்ப்பேரைச் சொல்லக்கூட வாய் வராமல், கண்டக்டரே கேட்கட்டும் என்று காசைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பவள். என் ஆயுசில் ஒரே ஒரு நாள் என் சத்தம் ஊருக்குக் கேட்டது. அது என் வீட்டுக்காரர் மேல் போய் விழுந்தது.

அவர் சீர்த்தட்டு வைக்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நழுவுவது அவருக்குத் தெரியவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. நாக்கு குழறியது. "நீ யாரு? ஒன் சோலியப் பாரு" என்றார் என்னைப் பார்த்து.

அவர் குடித்திருக்கவில்லை. குடிக்காத மனிதரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷமாக வெளியே சொல்லவில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

கைக்கு வந்த கடிதம்

சில வாரத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். பார்க்காமலே ஐம்பது குச்சி அள்ளுகிற உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது அம்மா என்று எழுதியிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான். வாராவாரம் இந்தத் தொடர் வருகிற புத்தகம் கிடைத்ததும் நான்தான் படித்துக் காட்டுவேன். இந்தக் கடிதத்தை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

"பாத்தியா, ஒன் கைக்கு வந்த மரியாதைய!" என்று சிரித்தார்.

எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதே வாரத்தில் என் தம்பி மாரிச்சாமி கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தான். கடைசி மகளுக்குக் கல்யாணம். அதே காரியாபட்டி, அதே மண்டபம்.

"மச்சான், நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்" என்றான்.

"ஒங்க அக்கா வருவா மாரி. எனக்குக் கால் வீக்கமா இருக்குப்பா."

தம்பி போன பிறகு என்னிடம் சொன்னார். "ஒருதடவ நான் ஒன்னைய அசிங்கப்படுத்துனது போதாதா? நீ போய்ட்டு வா."

விசேஷ வீடு என்றால் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே திரிவார். இந்த இரண்டு வருஷமாக எங்கேயும் போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்குத் தெரு முழுக்கக் கொட்டு அடிக்கும்போதும் உள் அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் உண்மையைச் சொல்லாவிட்டால் கடைசி வரைக்கும் இப்படியே இருந்துவிடுவார்.

பார்க்காத கை

அஞ்சாம் வகுப்போடு என்னைத் தீப்பெட்டி ஆபீஸில் விட்டார்கள். குச்சி குவியலாகக் கிடக்கும். இடது கையில் பெட்டி, வலது கையில் ஒரே அள்ளு. எண்ணக் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது, பார்த்தால் வேகம் குறைந்துவிடும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அந்தக் கனம் வந்ததும் ஐம்பது என்று கைக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை திடீரென்று வந்து நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவித் தரையில் கொட்டி எண்ணுவார். என் பெட்டியை எண்ணி அவர் முகம் சுளித்ததில்லை.

"குருவம்மா கைக்குள்ள தராசு இருக்குல்லே" என்பார் மற்றவர்களிடம்.

எனக்குப் படிப்பு இல்லை, நிறம் இல்லை, நாலு பேர் முன்னால் பேச வராது. பாராட்டு என்று ஒன்று கிடைத்தது அந்தக் கைக்குத்தான்.

சர்க்கரை வந்து சில வருஷம் கழித்து அந்தக் கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் பூக்கட்டும்போது நார் நழுவியது. பிறகு ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், காயெல்லாம் சிவப்பாக இருந்தது. விரல் அறுந்து ரத்தம் போனது எனக்குத் தெரியவே இல்லை. மருமகள் பார்ப்பதற்குள் காயைக் கழுவி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்ன பொய்

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். "கண்ண மூடிக்கோங்கம்மா. நான் தொடுறப்ப சொல்லுங்க" என்றார் அந்த டாக்டர். சின்னப் பெண்தான். நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்து விரல் விரலாகத் தொட்டார்.

நான் கண்ணை முழுசாக மூடவில்லை. இமைக்குக் கீழே ஒரு கீற்று விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் கை வரும்போதெல்லாம் "தெரியுது", "தெரியுது" என்றேன்.

"பரவாயில்லயே, ஒங்களுக்கு நரம்பெல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை மாதிரி வெளியே வந்தேன். கை போச்சு என்று தெரிந்தால் மருமகள் அடுப்படிப் பக்கமே விடமாட்டாள், அப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்ற பயம். அன்றைக்கு அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

தீப்பெட்டிக்குள் மாத்திரை

எங்கள் வீட்டில் வியாதிக்குக் குறைவில்லை. எனக்குச் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி. அவருக்குச் சர்க்கரை, பிரஷர், கண், அதோடு கிட்னியும். கிட்னி மெதுவாக வேலை செய்கிறது, சர்க்கரை மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடும், ஆகையால் இனிமேல் காலையில் பாதி மாத்திரைதான், இரவுக்கு அதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றுக்குப் போட்ட மருந்து இன்னொன்றைக் கடித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்குத் தினசரி வேலை.

காலி தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, வேளைக்கு ஒரு பெட்டி என்று மாத்திரைகளைப் போட்டு வைப்பேன். இரவுப் பெட்டி என்றால் லேபிளின் ஒரு ஓரத்தைக் கிழித்துவிடுவேன். கண் தெரியாவிட்டாலும் அவர் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார்.

மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா, "அட்டையோட வைங்கம்மா, பிரிச்சுக் கொட்டி வைக்காதீக" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, டீவியைப் பார்த்தபடியே பெட்டி அடைப்பேன். சர்க்கரை மாத்திரையும் வெள்ளை, பிரஷர் மாத்திரையும் வெள்ளை. ஒன்று வழவழப்பு, ஒன்றுக்கு நடுவில் கோடு. சர்க்கரை மாத்திரை எனக்கு முழுசு, அவருக்குப் பாதி; பாதிக்கு உடைந்த ஓரம் சொரசொரக்கும். கைக்குத் தெரியும் என்று இருந்தேன்.

என் கைக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டரிடம் பொய் சொன்னவள் நான்தானே. இருந்தும் குனிந்து பார்க்கவில்லை. பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். வீம்பு என்பதுதான் சரி.

காரியாபட்டி

தம்பியின் பேத்திக்குக் காதுகுத்து. காலையில் சிவகாசியில் பஸ் ஏறும் முன்னால் அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். சட்டைப்பையில் இரண்டு தீப்பெட்டி வைத்துவிட்டேன், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஓரம் கிழியாததைத் தடவி எடுத்து, அப்படியே வாயில் கொட்டித் தண்ணீர் குடித்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அச்சாபீஸ் கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். காலண்டர் சீசனில் கட்டிங் மிஷினில் ராத்திரி பகலாக நின்ற ஆள்.

அந்தக் காலத்தில் அவருக்குக் குடியும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை, இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். பையன் கல்யாணத்தன்று நிறுத்தியவர் பிறகு தொடவே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சீர் கொண்டு வருகிற வேன் வழியில் நின்றுவிட்டது. சீர் வராமல் காது குத்த முடியாது, காது குத்தாமல் பந்தி போட முடியாது. மணி இரண்டு இருக்கும். சமையல்கட்டிலிருந்து வாசம் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அவர் எழுந்து போய் அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தம்பி பொண்டாட்டி என் காதருகே வந்தாள். "என்ன மதினி, அண்ணன் பழையபடி ஆரம்பிச்சுட்டாக போலயே. பட்டப்பகல்லயேவா?"

பின்னால் யாரோ, "நல்லாத்தானலே இருந்தாரு மனுசன்" என்றார்கள். இன்னொருவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தள்ளியது. முதலில் எழுதினேனே, அதைக் கத்தினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மண்டபத்துக்கு வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். "தெளியட்டும், இங்கனயே கிடங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். அவர் உடம்பு சில்லென்று இருந்திருக்கும். பிடித்த என் கைக்கு அது தெரியவில்லை.

பந்தி

கொஞ்ச நேரத்தில் சீர் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது, காது குத்தினார்கள், பந்தி போட்டார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. எழுந்து போனால் இன்னும் பேசுவார்கள். ஒன்றும் நடக்காதது போல முதல் பந்தியில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பாயசம் ஆகாது. எல்லாருக்கும் தெரியும். வாளி கொண்டு வந்த பையன், "அத்த, ஒங்களுக்கு வேணாம்ல?" என்றான். பக்கத்து இலையில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஊத்துய்யா. ஒரு நாளைக்கு என்ன" என்றேன். சேமியாப் பாயசம். இரண்டு கரண்டி வாங்கி, இலையில் ஓடாமல் அணை கட்டி, கடைசிச் சொட்டு வரை வழித்துக் குடித்தேன்.

வெளியே மரத்தடியில் ஒரு மனிதர் சர்க்கரை இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார். உள்ளே நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் கழுவிய பெண்

அவரைக் காப்பாற்றியது பாத்திரம் கழுவ வந்த ஒரு பெண். மல்லாங்கிணறு பக்கத்து ஆள். ஈரச் சேலையோடு பந்திக்கு நடுவிலேயே ஓடி வந்தாள்.

"வெளிய கெடக்குற பெரியவரு யாரு வீட்டு ஆளு? சொல்லுங்கம்மா சீக்கிரம்!"

நான்தான் எழுந்தேன்.

"குடிகாரர்னாக. நான் மோந்து பாத்துட்டேன், வாயில வாடையே இல்ல. எங்காத்தாளுக்கு இப்படித்தான் ஆகும். சுகர் எறங்கிருச்சு! நீங்க ஒரு வாட்டி மோந்து பாத்தீகளாம்மா?"

முப்பத்தைந்து வருஷம் அந்த வாடையோடு வாழ்ந்தவள் நான். அன்றைக்கு நான் மோந்து பார்க்கவில்லை.

அவள் அவரை நிமிர்த்திப் பிடித்து, "தாத்தா, முழுங்குங்க. முழுங்க முடியுதா?" என்று கேட்டுக் கேட்டு, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அவருக்குக் கண் ஒரு இடத்தில் நிற்க ஆரம்பித்தது. முதல் பேச்சாக என்னைத்தான் கேட்டார்.

"பந்தி முடிஞ்சுதா? நீ சாப்பிட்டியா?"

இரவுப் பெட்டி

விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கிட்னிக் கோளாறு இருப்பதால் சர்க்கரை மறுபடி இறங்கும் என்று வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர், "சர்க்கரை மாத்திரை கூடப் போயிருக்கு. யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நானாத்தான் போட்டுக்கிட்டேன் சார். கண்ணு தெரியாது. காலைப் பெட்டி, ராத்திரிப் பெட்டி ரெண்டையும் சேத்துப் போட்டுட்டேன் போல."

"பெரியவரே, தெரியலன்னா கேட்டுச் சாப்பிடணும். இது என்ன மிட்டாயா?" நாலு பேர் இருக்கிற வார்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் சட்டை என் மடியில் இருந்தது. பைக்குள் தீப்பெட்டி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். ஓரம் கிழிந்த இரவுப் பெட்டி. உள்ளே மூன்று மாத்திரை, போட்டது போட்டபடி. அவர் இரண்டையும் சேர்த்துப் போடவில்லை. காலைப் பெட்டியில் நான் வைத்ததை மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறார்.

அந்தப் பெட்டியை டாக்டரிடம் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. என் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கிண்ணங்களைப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை ஒன்று கூடுதலாக இருந்தது. சர்க்கரை மாத்திரை முழுசு இரண்டு குறைந்திருந்தது. உடைத்து வைத்த பாதிகள் அப்படியே கிடந்தன. அவருடைய பாதிக்கும் பிரஷர் மாத்திரைக்கும் பதிலாக இரண்டு முழுசைப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து மாத்திரை பொறுப்பு மருமகளுக்குப் போனது. நல்ல பெண்தான், அட்டையோடு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள். ஆனால் அவர் கையில் கொடுப்பதில்லை. "மாமா, ஆ காட்டுங்க" என்கிறாள். இருபது பேரை வைத்து மிஷின் ஓட்டியவர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறக்கிறார். நான் அடுப்படியில் நின்று அதைத் தினமும் இரண்டு வேளை பார்க்கிறேன்.

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சர்க்கரை இறங்கிய கதையை இன்னும் நம்பவில்லை. குருவம்மாள் புருஷனைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறாள் என்கிறார்கள். நான் காப்பாற்றினேனாம்.

படித்துக் காட்டியது

இதுவரை எழுதியதை நோட்டில் வைத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

முடித்ததும், இரண்டு வருஷமாக டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த அந்தத் தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கிழிந்த ஓரத்தைத் தடவினார். காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். மூன்றும் சத்தம் கொடுத்தன.

"ராத்திரிப் பெட்டி" என்றார்.

அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் மருமகள் மாத்திரையோடு வந்தபோது வாயைத் திறக்காமல் கையை நீட்டினார்.

"கையில குடு தாயி. அன்னைக்குத் தப்புப் பண்ணது நான் இல்ல. ஒங்க அத்தைட்ட கேளு."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். மாத்திரையை வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னைய ஏசுனது இருநூறு பேருக்கு முன்னால. எங்கிட்ட சொன்னது நாலு செவுத்துக்குள்ள. இது எந்த ஊரு நாயம்?"

"புத்தகத்துல வரும்ங்க. எல்லாரும் படிப்பாக."

"ஒன் தம்பி பொண்டாட்டி படிப்பாளா?"

"ஒரு வாரம் விடாமப் படிக்கிறா."

"காரியாபட்டிக்குக் காலைல எத்தன மணிக்குப் பஸ்சு?" என்றார்.

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று நோட்டைப் படித்துக் காட்டியபோது ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். மரத்தடியில் அவரை உட்கார வைத்ததைப் படித்துவிட்டு, பாத்திரம் கழுவிய பெண் ஓடி வந்த இடத்துக்குப் போய்விட்டேன். பந்தியைப் படிக்கவில்லை. கை பிசகியதை, பெட்டியை ஒளித்ததைக்கூடச் சொல்ல முடிந்தது. அந்தப் பாயசத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கண் விழித்ததும் நீ சாப்பிட்டியா என்று கேட்டவர்.

வருகிற வெள்ளிக்கிழமை புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். நான் படித்தால் மறுபடியும் அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். அதனால் இந்த வாரம் மட்டும் மருமகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.